வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையை மூன்று வருடம் விடாமல் தாங்குவது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன், பி.எஸ்சி. கணிதம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை. இரண்டு பேப்பர் போயிருந்தது. மூன்று வாரம் கழித்து ஒருவழியாக நம்பர் பிடித்து நான் பேசியபோது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஃபெயில் ஆயிட்டேன்லண்ணா, அப்புறம் எப்படி வர்றது?" என்றான்.

அவனுக்குத் தெரிந்த கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. கல்லூரியில் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், விட்ட பேப்பரை மட்டும் அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம் என்பது அவனுக்கும் தெரியாது, அவன் அப்பாவுக்கும் தெரியாது, அந்தத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. படித்தவர்கள் இருக்கும் வீட்டில் இது சாப்பிடும்போது காதில் விழுந்துவிடும் விஷயம். நான் பேசுவதற்குள் அவன் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அவன் திரும்பி வரவே இல்லை.

நானும் என் வீட்டில் முதல் பட்டதாரிதான். படித்து முடித்த சிலரும், மனமுள்ள இரண்டு மூன்று ஆசிரியர்களும் சேர்ந்து காவிரி டெல்டாவில் ஒரு அரசுக் கல்லூரியில் சில வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு குழு நடத்துகிறோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என எங்கே இருந்தாலும், ஏழெட்டுப் பேரும் ஒரு நோட்டும் இருந்தால் நீங்களும் தொடங்கிவிடலாம். ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் அதே நாளில் கூச்சமில்லாமல் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படியும் அதற்காகத்தான்.

முதல் படி: யார் யார் என்று கண்டுபிடியுங்கள்

முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வைத்திருப்பவர்களின் பட்டியலை அலுவலகத்தில் வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. அந்தச் சான்றிதழ் முக்கியமாக உதவுவது கவுன்சலிங் வழியே பொறியியல் மாதிரி தொழிற்படிப்புகளுக்குப் போகிறவர்களின் கல்விக் கட்டணச் சலுகைக்கு. அதிலும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. கலைக் கல்லூரியில் பி.ஏ. சேரும் பெண் அதை வாங்கியே இருக்கமாட்டாள். அண்ணன் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன வீட்டுப் பிள்ளையும் நம் பட்டியலில் வர வேண்டும், சொல்லப்போனால் முதலில் வர வேண்டும், ஏனென்றால் அந்த வீட்டில் கல்லூரியைப் பற்றி ஏற்கெனவே ஒரு கசப்பு இருக்கிறது.

அதனால் சேர்க்கை நடக்கும் நாளிலேயே மரத்தடியில் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். மூன்றே கேள்வி. விண்ணப்பத்தை யார் போட்டுக் கொடுத்தார்கள்? வீட்டில் யாராவது கல்லூரிக்குப் போயிருக்கிறார்களா? இங்கே ஒரு சந்தேகம் வந்தால் யாருக்கு ஃபோன் பண்ணுவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை யோசித்து நின்றால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் "யாரெல்லாம் முதல் தலைமுறை, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அன்றைக்குக் கை தூக்கக் கூச்சப்பட்டவன் பிறகு உங்களிடம் வரவேமாட்டான்.

நம்பர் வாங்கும்போது இரண்டு நம்பர் வாங்குங்கள். பல வீட்டில் ஃபோன் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு நம்பரோ, மளிகைக் கடை நம்பரோ, ஊரில் யாராவது ஒருவர் நம்பர் கூட இருக்கட்டும்.

இரண்டாம் படி: காகித வேலையை ஒரே நாளில் முடியுங்கள்

கேட்க சலிப்பாக இருக்கும், ஆனால் பணம் இங்கேதான் தடைபடுகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வழியாக அதே தொகை, 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. இது போக பி.சி., எம்.பி.சி., ஆதிதிராவிடர், பழங்குடியினர் கல்வி உதவித்தொகைகள், அரசு கலைக் கல்லூரிக்காரர்களுக்கு இலவச பஸ் பாஸ், துறை விடுதிகள். எல்லாம் இருக்கிறது, ஆனால் பிள்ளை கைக்குப் பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் நான் பார்த்த காரணம் இரண்டுதான்.

ஒன்று, இன்ஷியல். மதிப்பெண் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் இன்ஷியலே இல்லாமல் அப்பா பெயர் முழுசாக. இதைச் சரி பண்ணக் கிளம்பினால் அலைச்சல் ஒரு மாதம், ஆகவே ஜூலையிலேயே தொடங்க வேண்டும். இன்னொன்று வங்கிக் கணக்கு. பள்ளியில் எடுத்த கணக்கு மைனர் கணக்காக இருந்து, 18 வயதுக்கு அப்புறம் புதிதாக ஆவணம் கொடுக்காததால் முடங்கிக் கிடக்கும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைந்ததோ அங்கேதான் அரசுப் பணம் போகும். பிள்ளை வேறு பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "எனக்கு மட்டும் வரலை" என்று அழுதுகொண்டிருக்கும். ஒரு தடவை வங்கியில் கேட்டுப் பார்த்தால் ஆறு மாசப் பணம் மொத்தமாக இன்னொரு கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, ஒரு இ-சேவை மையத்துக்காரர், வங்கியிலிருந்து ஒருவர், கணினி தெரிந்த நான்கு சீனியர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக், பள்ளியின் எமிஸ் எண், கல்லூரியின் யுமிஸ் எண் (இரண்டும் அரசின் மாணவர் பதிவு எண்கள்), இந்த ஆறும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துப் பாருங்கள். வருமானச் சான்று பழையதாக இருந்தால் அன்றைக்கே புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு அண்ணனையோ அக்காவையோ கொடுங்கள்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. மற்ற உதவித்தொகை போகக் கட்டணத்தில் மிஞ்சும் தொகை, புத்தக உதவி, பயணத்துக்கு இலவச மெட்ரோ கார்டு, இதோடு அடிக்கடி கட்டாயமாகச் சந்திக்க ஒரு ஆலோசகர். குலுக்கல் முறையில் சேர்த்தவர்களையும் சேர்க்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். இதைப் படித்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த மெட்ரோ கார்டு. நம் ஊரில் பஸ் பாஸ் ஏற்கெனவே இருக்கிறது. பாக்கி இருப்பது அந்த ஆலோசகர்தான், அதற்குத்தான் சீனியர்.

ஒருவருக்கு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவரைத் தேடிப் போகாதீர்கள். அரியர் வைத்துத் தட்டுத்தடுமாறி கிளியர் பண்ணினவர், அலுவலக ஜன்னலில் நின்று திட்டு வாங்கி வேலையை முடித்தவர், இரண்டு பஸ் மாறி வருகிறவர், இவர்கள்தான் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அக்காக்களையே போடுங்கள். வீட்டுக்கு ஃபோன் போனால் "யாரு பேசுறது?" என்று கேட்கும் அப்பாவுக்கு ஒரு பெண் குரல் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெண்ணின் படிப்புக்கே வினையாகிவிடும்.

பதினைந்து நாளுக்கு ஒரு ஃபோன், மாதம் ஒரு தடவை நேரில். "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டால் "படிக்கிறேன்க்கா" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை நாள் போன? எந்த வகுப்பு புரியலை? பஸ் எத்தனை மணிக்குக் கிடைக்குது? மத்தியானம் என்ன சாப்பிட்ட?" இப்படிக் கேளுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக் கேள்வியில்தான் நிறைய விஷயம் வெளியே வந்திருக்கிறது.

நான்காம் படி: முதல் ஆறு வாரத்தில் கல்லூரியின் பாஷையைச் சொல்லிக்கொடுங்கள்

இன்டர்னல் (கல்லூரிக்குள் போடும் மதிப்பெண்), அரியர், கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு மன்னிப்பு), ரீவேல்யூவேஷன் (விடைத்தாளை மறுபடி திருத்துவது), ஹால் டிக்கெட், எச்.ஓ.டி. (துறைத்தலைவர்), போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று), கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள புள்ளி). இந்தச் சொற்களை யாரும் நம் பிள்ளைகளுக்கு விளக்குவதில்லை, தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் நான்கு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுக்கிறோம், கொடுத்ததோடு நிற்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கதையாகச் சொல்கிறோம். இன்டர்னலில் 25 மதிப்பெண் கையில் இருக்கிறது, செமஸ்டர் தேர்வில் 75, ஒரு அசைன்மென்ட்டைச் சும்மா விட்டால் நவம்பரில் அது எங்கே போய்க் கடிக்கும் என்று பலகையில் கூட்டிக் காட்டுகிறோம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன நடக்கும், அதற்கு முன்னால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதையும். அரியர் என்றால் படிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை என்பதை மட்டும் நான் மூன்று தடவை சொல்வேன்.

அப்புறம் ஆங்கிலம். தமிழ் வழியில் 480 எடுத்த பிள்ளை இயற்பியல் வகுப்பில் முதல் மாதம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும், தனக்கு மூளை இல்லை என்று முடிவே கட்டிவிடும். அதற்குப் பாடத்தில் ஓட்டை கிடையாது, முடுக்கம் என்று தெரிந்த சொல்லுக்கு ஆங்கிலச் சொல் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் நூறு சொல் கொண்ட ஒரு பட்டியலைப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துச் சீனியர்கள் தயாரித்துக் கொடுத்தால் தீபாவளிக்குள் நிலைமை மாறிவிடும். எங்கள் குழுவில் இதுவரை செய்ததிலேயே செலவு குறைவு, பலன் அதிகம் என்று நான் நினைப்பது இந்தப் பட்டியல்தான்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தார். அடுத்த வருடம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ரயில் ஏறினார். ராமானுஜனுக்கே அந்த வயதில் அப்படி என்றால், நம் பிள்ளை ஒரு ஆங்கிலப் பேப்பரில் தடுக்கி விழுந்து ஓடிப்போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஓடுவதற்கு முந்தின வாரத்தில் யாராவது ஒருவர் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் போய்ப் பேசுவதையும் பழக்க வேண்டும். ஸ்டாஃப் ரூம் வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டு வாக்கியம் போதும் என்று சொல்லிக்கொடுங்கள்: "சார், நான் முதல் வருடம் இந்த வகுப்பு. இந்தக் கணக்கில் இந்த வரி வரைக்கும் புரிந்தது, இதுக்கு மேல புரியலை." முதல் தடவை சீனியர் கூடப் போகட்டும். அமெரிக்காவில் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், சீனியர்கள் தங்கள் குடும்பப் பின்னணியை மறைக்காமல் சொல்லி, அதனால் வந்த சிக்கலையும் அதைச் சமாளித்த விதத்தையும் ஒரே ஒரு மணி நேரம் புதியவர்களிடம் பேசினார்கள். அதைக் கேட்ட முதல் தலைமுறைப் பிள்ளைகள் அந்த வருடம் ஆசிரியரிடம் போய் உதவி கேட்பது கூடியது, மதிப்பெண்ணும் ஏறியது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "எங்கம்மா களை எடுக்கப் போவாங்க, நானும் லீவுல போவேன், செகண்ட் செம்ல எனக்கு மூணு அரியர்" என்று சாதாரணமாகச் சொன்ன அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்த ஆறு பேர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

ஐந்தாம் படி: கல்லூரி நாட்காட்டியையும் வயல் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்

டெல்டாவில் இந்தப் படி இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. வெளியூரிலிருந்து நல்ல மனதோடு வருகிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 பாசனத்துக்குத் திறக்கும். கல்லூரியும் ஏறக்குறைய அதே சமயத்தில் திறக்கும். விதை, உழவு, நாற்றங்கால் என்று வீட்டில் இருந்த காசெல்லாம் வயலில் இறங்கும் அதே நேரத்தில்தான் சேர்க்கைக் கட்டணம், புத்தகம், புதுச் சட்டை. அணையில் தண்ணீர் இல்லாத வருடம் இன்னும் மோசம்: 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், பம்பு செட் இல்லாதவர்களுக்குக் குறுவை என்ற முதல் போக நெல்லே இல்லை. அந்த மாதிரி வருடத்தில் ஜூன் மாதமே உங்கள் பட்டியலில் பாதிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுப்பும் சம்பா நடவும் சேர்ந்து வரும். நாற்றுப் பறிக்கவும் நடவும் அம்மாவோடு பெண் பிள்ளை போகும், ஏனென்றால் அந்தப் பத்து நாள் கூலி விட முடியாத கூலி. அதே வாரம் இன்டர்னல் தேர்வு. வருகை 75-க்குக் கீழே இறங்குவது இங்கேதான். நாங்கள் செய்வது இது: செப்டம்பர் முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் உங்கள் ஊரில் நடவு எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம், அந்தப் பட்டியலோடு துறைத்தலைவரைப் பார்க்கிறோம், அந்த வாரத்தில் விட்ட இன்டர்னலுக்கு மறுதேர்வு வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்கிறோம். பின்னால் போய்க் கெஞ்சும்போது முகம் சுளிக்கிறவர்கள்கூட முன்னால் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபரில் தேர்வுக் கட்டணம். குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும், மழை பிடித்துவிட்டால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய், காயவைத்துக் கொண்டு வா என்பார்கள், காய வெயில் இருக்காது. நெல் இருக்கிறது, காசு இல்லை. நிலமில்லாமல் கூலிக்குப் போகிற வீட்டில் அந்த நெல்லும் இல்லை. அப்பாவிடம் கேட்கவே பிள்ளைக்கு மனசு வராது, கட்டணத்துக்குக் கடைசி நாள் தாண்டும், ஹால் டிக்கெட் வராது, ஒரு செமஸ்டர் போகும். இந்த ஒரு இடத்துக்காக மட்டும் ஒரு சிறு நிதி வையுங்கள். பழைய மாணவர்கள் இருபது பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் போதும். பணத்தைப் பிள்ளை கையில் கொடுக்காமல் நேரே கட்டணமாகக் கட்டி ரசீதைக் கொடுங்கள், யாருக்குக் கட்டினோம் என்பது இரண்டு பேருக்கு மேல் தெரியக்கூடாது. திருப்பித் தரச் சொல்லாதீர்கள். கடன் என்று ஆனதும் பிள்ளை உங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகத் தொடங்கும், அப்படி ஒரு பெண்ணை நாங்கள் இழந்திருக்கிறோம், அது எங்கள் தவறு.

நவம்பரில் செமஸ்டர் தேர்வு, வடகிழக்குப் பருவமழை, எப்போது வேண்டுமானாலும் ஒரு புயல். 2018 நவம்பர் 16 கஜா அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கரையோரப் பிள்ளைகளுக்குத் தேர்வு நாட்களில் கல்லூரி பக்கத்தில் தங்க நான்கைந்து வீடு பார்த்து வையுங்கள். சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் ஃபோட்டோ எடுத்து சீனியர் ஃபோனிலும் ஒரு பிரதி இருக்கட்டும். தேர்வு தள்ளிப்போனால் அந்தச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுப்பு. காசு கொஞ்சம் புழங்கும் மாதம் அதுதான், அப்போதே அடுத்த தேர்வுக் கட்டணத்தை எடுத்து வைக்கச் சொல்லி வீட்டில் பேசுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குப் போங்கள்

பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்தரை மணிக்குக் கல்லூரியில் வைத்தால் ஒரு நாள் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள், பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பேச்சு வரும். சாயங்காலம் ஆறரைக்கு அவர்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் வையுங்கள், வேலை விட்டுக் குளித்துவிட்டு வருவார்கள். அங்கே கல்லூரி எப்படி நடக்கிறது என்று சொல்லுங்கள்: ஏன் சில நாள் இரண்டு மணிக்கே பிள்ளை வீட்டுக்கு வருகிறது, எதற்கு ஞாயிற்றுக்கிழமை என்.எஸ்.எஸ். முகாம், இந்தப் பட்டத்துக்கு அப்புறம் என்னென்ன வழி.

ஒரு அப்பா என்னிடம், "தம்பி, பாப்பா பாசாயிடுமா? நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். படிப்பில் அவர் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் பாப்பாவை வயலுக்குக் கூப்பிடாமல், ராத்திரி பத்து வரை விளக்கை விட்டுவைத்தால் போதும் என்றேன். செய்தார். பெற்றோருக்குச் செய்யக்கூடிய வேலையாக ஒன்றைச் சொன்னால் அவர்கள் நிச்சயம் செய்கிறார்கள்.

இரண்டாம் வருடம் வரன் பேச்சு வரும். நம் குழு அதில் சண்டைக்குப் போனால் தோற்கும். பெண்ணுக்கு விருப்பமில்லாத பேச்சாக இருந்தால் அந்த ஊரிலேயே மதிப்புள்ள ஒரு பெரியவர், அங்கன்வாடி அம்மா, மகளிர் குழுத் தலைவி, இப்படி ஒருவரை வைத்துப் பேசுங்கள். மூன்றாவது வருடம் முடியட்டும் என்று ஒரு தேதியைப் பிடித்துக் கேட்டால் பல வீட்டில் சரி என்கிறார்கள். பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றாலோ, கட்டாயப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தாலோ யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ, அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

ஏழாம் படி: மௌனத்தைக் கவனியுங்கள்

ஒரு நோட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தொடர்ந்து மூன்று நாள் வராதது, ஒரு இன்டர்னல் எழுதாதது, கட்டணத் தேதி தாண்டியது, இரண்டு ஃபோனை எடுக்காதது. இந்த நான்கில் ஒன்று நடந்தாலும் அந்த வாரமே ஆள் போக வேண்டும். ரிசல்ட் வந்த அன்றைக்கு, வேறு எல்லா வேலையையும் விட்டுவிட்டு, ஃபெயில் ஆனவர்களை அன்று ராத்திரிக்குள் கூப்பிட்டுவிடுங்கள். மறுநாள் என்றால் சிலர் பஸ் ஏறிவிடுவார்கள். நோட்டைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள், அதில் இருப்பது பிள்ளைகள் நம்மை நம்பிச் சொன்னது.

மனம் ரொம்பவும் உடைந்து பேசுகிற பிள்ளையிடம் சீனியர் தனியாகப் போராடக்கூடாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, எல்லாருடைய ஃபோனிலும் இருக்கட்டும். ஆசிரியர் ஒருவருக்கும் உடனே தெரிய வேண்டும்.

எட்டாம் படி: மூன்றாம் வருடம்

இதை ஐந்தாம் செமஸ்டரிலேயே தொடங்குங்கள். திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பஸ்ஸில் தினம் அதைத் தாண்டிப் போகிற பிள்ளைக்கே அங்கே முதுகலை சேர க்யூட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் உள்ளே நடக்கவைத்துக் காட்டுங்கள். டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போகிறவர்கள், பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருந்தால், அரசு நேரடி நியமனத்தில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான தமிழ் வழிச் சான்றிதழைக் கல்லூரியை விட்டுப் போவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், நான்கு வருடம் கழித்து வந்து அலைவது பெரிய கொடுமை. டி.சி., புரொவிஷனல், மொத்த மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் அந்த இன்ஷியலை இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசித் தேர்வு முடிந்து எல்லாரும் சட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஏப்ரல் மத்தியானத்தில், உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் வருடத்துப் பிள்ளைகளில் ஜூன் மாதம் சேர்க்கை மேஜையில் உட்காரப்போவது யார், மூன்றாம் வருடம் முடித்தவர்களில் மாதம் 200 ரூபாய் போடப்போவது யார் என்று அன்றைக்கே பெயரும் நம்பரும் எழுதி வாங்கிவிடுங்கள், ஏனென்றால் மே மாதத்தில் அந்த நம்பர்களில் பாதி மாறிவிடும்.